ஒற்றை விரலுக்கு நகரும் கதவு

ஐயா, கையெழுத்துக் கேட்டு நீங்கள் கொடுத்த தாளைப் படித்தேன். எழுத்து மணிமணியாக இருக்கிறது. எழுதிய காவலரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு திருத்தம்தான். ஒன்பதாவது வரியில், 'கொட்டகைக் கதவு சரியாகப் பொருத்தப்படாமல் இறுகிக்கொண்டதால் உரிய நேரத்தில் திறக்க முடியவில்லை' என்று இருக்கிறது. அந்தக் கதவைப் பொருத்தியவன் நான். அது ஒருநாளும் இறுகியதில்லை. ஒற்றை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் நகரும். சந்தேகமாக இருந்தால் ஆள் அனுப்பித் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இருக்கும்வரை என்னால் கையெழுத்துப் போட முடியாது. அதனால்தான் தனித்தாள் வாங்கி நானே எழுதுகிறேன்.

நான் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடுகிறவன். இருபத்தாறு வருடமாக அதே வேலை. என் தலையைக் கண்டாலே கடைக்காரர்களுக்கு முகம் சுண்டிவிடும். "ஒரு கிராம்தானே சார்" என்று குழைவார்கள். அந்த ஒரு கிராமைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். என் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்: "இவரு தூக்கத்துலகூட முள்ளு நடுவுல நிக்குதான்னு பார்ப்பாரு." அவளுக்கு எப்போதுமே நகைச்சுவை உணர்வு அதிகம்.

அந்தக் கொட்டகையில் நான் பழுதுபார்த்து வந்த வண்டி அறுபது வருடப் பழசு. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத பந்தய வகை. ஒரு கோழிப் பண்ணையின் பின்புறம் கிடந்தது. நான் பார்த்தபோது ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் எடுத்து வந்தேன். இதை என் சுபாவத்துக்குச் சான்றாக எழுதிக்கொள்ளலாம். முதல் இரண்டு வருடம் இன்ஜின் எங்கள் சாப்பாட்டு மேசைமேல்தான் இருந்தது. நாங்கள் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டோம். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க இன்னொரு இரண்டு வருடம். ஏழு பூச்சுக்கு அடியில், ஸ்டியரிங்குக்குக் கீழே, நகக்கண் அளவுக்கு அசல் நிறம் மிச்சமிருந்தது. கரும்பச்சை. அதை வைத்துத்தான் நிறம் கலக்கினேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கொட்டகைக்கு என் மனைவி 'சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தாள். யாராவது போன் செய்தால், "அவரு சின்ன வீட்டுல இருக்காரு, வர ராத்திரியாகும்" என்பாள். விவரம் தெரியாத என் மேலதிகாரி ஒருமுறை என்னைத் தனியே அழைத்துக் குடும்பம் என்றால் என்ன என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார்.

பதினொரு வருடத்தில் ஒரே ஒரு சாமான்தான் கிடைக்கவில்லை. பெட்ரோல் டாங்கின் மூடி. அசல் மூடி பித்தளையில், மேலே வெள்ளிப் பூச்சோடு, கால் சுற்றில் பூட்டிக்கொள்வது. நான் தேடாத பழைய சாமான் கடை இல்லை. அந்த இடத்தில் ஒரு காபித்தூள் டப்பா மூடியை வைத்து, துணி சுற்றிக் கட்டியிருந்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல்லில் கல் கடிபட்டதுபோல் இருக்கும்.

இறந்தவன் என் மனைவியின் தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். தாயில்லாப் பிள்ளை. என் மனைவிதான் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். குழந்தையிலிருந்தே இளைப்பு. இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற ரகம். வாய் ஓயாது. ஞாயிறு தவறாமல் வந்து கொட்டகை வாசலில் நின்று எனக்கு யோசனை சொல்வான். "மாமா, வேற வண்டி மூடியப் போட்டா என்ன? பெட்ரோலுக்குத் தெரியவா போகுது?" என்பான். முன்விரோதம் உண்டா என்று மூன்று முறை கேட்டீர்கள். கிடையாது. அவனை எனக்குப் பிடிக்கும். அவன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சப்பென்று இருக்கும்.

பூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் டிக்கியின் மூடிக்கு வண்ணம் அடித்த அன்று, யாரோ போனில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல என் மனைவி கதவைத் திறந்தாள். ஒரு காற்று வந்தது. ஈர வண்ணத்தில் பதினொரு தூசி ஒட்டியது. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அவளோடு ஐம்பத்திரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். டிக்கி மூடியை மொத்தமாகத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். பிறகு கதவுக்கு உட்பக்கம் ஒரு பூட்டு வைத்து, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவள் யாரிடமும் குறைசொல்லவில்லை.

அந்த ஞாயிறு கடைசிப் பூச்சு. மதியம் இரண்டு மணி. சுவரெல்லாம் பிளாஸ்டிக் தாள் கட்டி, தூசி எழாமல் தரையில் தண்ணீர் தெளித்திருந்தேன். மைத்துனன் வந்தான்.

"மாமா, கடைசிப் பூச்சு நான் பார்க்காம நடக்கலாமா? உள்ள விடுங்க."

"உள்ள வந்தா நாற்பது நிமிஷம் கதவு திறக்காது. சரியா?"

"நாற்பது என்ன, நானூறு நிமிஷம் இருக்கேன்."

அவன் ஒப்புக்கொண்டுதான் வந்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டையில் இழை உதிரும் என்பதால் அதைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டச் சொன்னேன். மாட்டினான். பேன்ட் பை புடைத்திருந்தது. என்ன என்று கேட்டேன். "கண்ணாடிக் கூடு மாமா. கடைக்காரன் பையில வேற என்ன இருக்கும்? எல்லாம் முடிஞ்சதும் காட்டுறேன்" என்று கண்ணடித்தான். முகமூடி ஒன்றுதான் இருந்தது, நான் போட்டுக்கொண்டேன். அவன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

வண்ண டின்னின் பின்பக்கம், இளைப்பு உள்ளவர்கள் அருகில் இருக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். எதையும் படிக்காமல் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதற்குக் கீழேயே, தூசி ஒட்டாத நிலைக்கு வர நாற்பது நிமிடம் என்றும் போட்டிருக்கும். இரண்டையும் படித்திருந்தேன்.

பூச்சு அருமையாக விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு பூச்சு அடித்ததில்லை. வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியைக் கீழே வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டாவது நிமிடம் அவன் இரும ஆரம்பித்தான். பன்னிரண்டில் எழுந்து நின்றான். "மாமா, கதவு" என்றான். "இருபத்தெட்டு நிமிஷம்" என்றேன். சிரிக்கப் பார்த்தான். கதவருகே போய் அதைத் தட்டினான். தட்டினால் திறக்கிற கதவு அல்ல அது. நல்ல கட்டை மரம்.

பதினாறாவது நிமிடம் என் மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, தம்பி இன்ஹேலர சட்டையிலயே விட்டுட்டான். கொஞ்சம் கதவத் திறங்க, குடுத்துட்டுப் போயிடறேன்."

"அவன் பேன்ட்ல இன்னொண்ணு வெச்சிருக்கான். நீ போய் டீ போடு, வர்றோம்."

"இருமற மாதிரி இருக்கே?"

"சிரிக்கிறான்."

அவள் கதவை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தாள். கதவு இறுகிவிட்டது என்று அவள் உங்களிடம் சொன்னது அதை வைத்துத்தான். பிறகு நான் துப்பாக்கிக்குக் காற்று தரும் கம்ப்ரஸரைப் போட்டேன். காற்று தேவைப்படவில்லை. அது ஓடினால் வெளியே எதுவும் கேட்காது. அவள் போய்விட்டாள். மூன்று கோப்பை டீ போட்டாளாம்.

நான் அவளிடம் சொன்னது பொய்தானே என்று கேட்பீர்கள். தராசுகளில் அனுமதிக்கப்பட்ட பிழை என்று ஒன்று உண்டு. அதற்கு உட்பட்டிருந்தால் நாங்கள் முத்திரை போட்டுவிடுவோம்.

மைத்துனனைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சின்ன இடத்தில், மூச்சுக்குத் தவித்த நிலையிலும் அவன் வண்டியைத் தொடவில்லை. பிடிமானத்துக்குக் கை நீட்டியவன், வண்டி என்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தான். வேறு யாராக இருந்தாலும் அதன்மேல் விழுந்திருப்பார்கள். இருபத்தைந்தாவது நிமிடம் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்து என்னை நோக்கி நீட்டினான். கோபத்தில் வண்டிமேல் எறிந்துவிடுவானோ என்று நான் நடுவில் வந்து நின்றேன். அவன் எறியவில்லை. கையை நீட்டியபடியே சாய்ந்தான்.

முப்பதாவது நிமிடம் இருமல் நின்றது. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். இல்லை, அது சரியல்ல, திருத்திக்கொள்கிறேன். அப்படி நினைக்கவில்லை. சத்தம் நின்றது நல்லது என்று நினைத்தேன்.

கூட்டை எடுத்துத் திறந்தேன். வெயில் கண்ணாடி வைக்கிற பெரிய கூடு. உள்ளே, கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியில் சுற்றி, பெட்ரோல் மூடி இருந்தது. பித்தளை, வெள்ளிப் பூச்சு, அசல். அவனுடைய வாடிக்கையாளர் ஒருவர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க அதை வைத்திருந்தாராம், ஒரு வருடம் கெஞ்சி வாங்கினானாம். இதெல்லாம் பிறகு என் மனைவி சொல்லித்தான் தெரியும். அவளிடமும் அதுவரை மூச்சுவிடாமல், அன்று காலையில்தான் சொல்லியிருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

காபித்தூள் மூடியை எடுத்துவிட்டு, சுற்றியிருந்த ஈர வண்ணத்தில் விரல் படாமல் அதை வைத்தேன். கால் சுற்று. உட்கார்ந்துகொண்டது. அரம் போடவேண்டிய அவசியமே இல்லை. இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. நாற்பது முடிந்த பிறகும், டின்னில் போட்டிருப்பது முன்னேபின்னே இருக்கலாம் என்பதால், மூன்று நிமிடம் சேர்த்துக்கொண்டேன். நாற்பத்து மூன்றாவது நிமிடம் கழுத்திலிருந்து சாவியை எடுத்தேன். விரலால் தள்ளினேன். கதவு நகர்ந்தது.

ஆகவே ஒன்பதாவது வரியை இப்படித் திருத்துங்கள்: 'கதவு நன்றாக இருந்தது. சாவி என் கழுத்தில் இருந்தது. அவன் சாவது எனக்குத் தெரிந்தது. நான் திறக்கவில்லை.' இதன்கீழ் கையெழுத்துப் போடத் தயார்.

இன்னொன்று. நான் திறந்தபோது என் மனைவி திரும்பி வந்து இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். தம்பியைப் பார்த்தாள். உள்ளே ஓடிவந்தவளுக்குக் கால் தடுமாறிவிட்டது. விழாமல் இருக்க வண்டியின் முன்பக்கத்தில் கையை ஊன்றினாள். தூசி ஒட்டாத நிலை வேறு, கை வைக்கும் நிலை வேறு. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்திருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கதவை உடைத்திருக்க வேண்டும் என்று அவள் இப்போது தலையில் அடித்துக்கொண்டு அழுவதாகக் காவலர் சொன்னார். அது அவளால் ஆகிற காரியமில்லை என்று சொல்லுங்கள். அந்தக் கைத்தடத்தைப் பற்றி நான் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தமுறை பேசாமலும் இருக்கமாட்டேன். அவளை மன்னித்துவிட்டேன் என்று தயவுசெய்து அவளிடம் தெரிவித்துவிடுங்கள்.