ஷிப்ட்டுக்குக் கூப்பிடும் பலகை

கதவை நன்றாகச் சாத்துங்கள். அடுப்பில் இன்னும் ஒரு கட்டை போடுங்கள்... அந்தப் பிளம் சாராயத்தையும் இந்தப் பக்கம் தள்ளுங்கள். இது எனக்கு நடந்ததில்லை. என் சகலையின் ஒன்றுவிட்ட அண்ணன் வெண்டெலினுக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே கேட்கலாம். வீட்டுக்குத் தனியாக நடக்கும்போது அவர்கள் பாடு.

நவம்பர் மாதம். மாலை நாலரை மணி. நம் மலையில் அந்த நேரத்துக்கே இருட்டு பாதி இறங்கியிருக்கும். ஏரிக்கரையிலிருந்து காமெனிச்னா ஊருக்குள் இறங்கும் பாதை... இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், நடுவில் வெண்டெலின் மட்டும். அந்த வருடத்தின் கடைசிச் சுற்றுலாக் கூட்டத்தை பஸ் ஏற்றிவிட்டு வந்துகொண்டிருந்தான்.

சுரங்கத்தை மூடிய பிறகு அவன் பிழைப்பு அதுதான். சுரங்கத்து நீர்ச்சக்கரம் சுற்றுவதற்காகச் சுரங்கக்காரர்கள் வெட்டிய ஏரியைக் காட்டுவான். சிலுவைக் குன்றில் ஏற்றி இறக்குவான். சுரங்கத்துக்குள் கொஞ்ச தூரம், அடைத்த சுவர் வரைக்கும், கூட்டிப்போவான். பேய் உண்டா என்று யாராவது கேட்டால், இருந்தால் டிக்கெட் வாங்கியிருக்குமே என்பான். கடைசியாக மரக்கோபுரம். மேலே தொங்கும் பலகையைச் சுத்தியலால் தட்டிக் காட்டினால்தான் கூட்டத்துக்குத் திருப்தி.

நமக்குத் தெரிந்ததுதான், பிராட்டிஸ்லாவாவிலிருந்து வந்திருக்கிற இந்தத் தம்பிக்காகச் சொல்கிறேன். அந்தப் பலகைக்கு இரண்டே பேச்சு. வேகமாகத் தட்டினால் ஷிப்ட்டுக்கு ஆள் கூப்பிடுகிறது. மெதுவாக, ஒரு தட்டு... நின்று, இன்னொரு தட்டு... என்றால் சுரங்கத்தில் உழைத்த ஒருவனை அடக்கம் செய்ய எடுத்துப்போகிறார்கள். சவப்பெட்டி தரைக்கு மேலே இருந்தால்தான் மெதுவாகத் தட்டலாம். பெட்டி இல்லையென்றால் தட்டு இல்லை. பாதிரியார் சொன்னாலும் இல்லை.

வெண்டெலினின் அண்ணன் அலோய்ஸுக்குப் பெட்டி இல்லை. சுரங்கத்தின் கடைசிக் குளிர்காலத்தில் கூரை விழுந்து உள்ளேயே புதைந்துபோனவன். கொஞ்ச நாள் தோண்டினார்கள். பிறகு சுவர் எழுப்பிவிட்டார்கள். அவன் மனைவி ஒட்டீலியா கோபுரத்தின் கீழறையில் டிக்கெட் கொடுத்து, டீ விற்றுக்கொண்டிருந்தாள். புருஷனைக் கடைசியாகக் கூப்பிட்ட தட்டை, கோடை முழுவதும் தினமும், தலைக்கு மேலே கேட்டுக்கொண்டு. அது என்ன தண்டனையோ, யார் செய்த பாவத்துக்கோ.

அன்றைக்கு வெண்டெலின் வந்தபோது அவள் கோபுர முற்றத்தில் கறுப்புச் சால்வையோடு நின்றிருந்தாள்.

"தம்பி, ஒரே ஒரு தடவை மெதுவா தட்டிடு," என்றாள். "அவர் படுத்துட்டாருன்னு என் காதால கேக்கணும். அப்புறம் நானும் தூங்கிடுவேன்."

பெட்டி இல்லாமல் எப்படி அண்ணி, ஊர் என்ன சொல்லும் என்று அவன் இழுத்தான். ஊர் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறது என்றாள். அவள் முகத்தைப் பார்த்தான். அண்ணன் போன நாளிலிருந்து அவள் ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை என்று அவனுக்குத் தெரியும். சரி என்று மேலே ஏறினான்.

ஒரு தட்டு... முற்றத்தில் அவள் தலை குனிவது தெரிந்தது. இரண்டாவது தட்டு... காற்றுகூட நின்றிருந்தது. மூன்றாவது... விரல்கள் விறைத்துப்போயிருந்தன. இத்தனை வருடமாகக் கூட்டத்துக்குத் தட்டித் தட்டிப் பழகிய கை அது. பலகையைக் கண்டால் அதற்கு ஒரே வேலைதான் தெரியும். நாலாவது தட்டுக்கு மனசு மூச்சை இழுத்துக் காத்திருக்க... கை காத்திருக்கவில்லை. டக் டக் டக்டக், டக் டக் டக்டக் என்று ஓட ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு உறைத்தபோது முழுசாகத் தட்டி முடித்திருந்தான்.

சத்தம் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்து அடங்கியது.

முதலில் வாசனைதான் வந்தது. பழைய சுரங்கக்காரர்களின் கார்பைடு விளக்கு வாசனை. பூண்டை நசுக்கிய மாதிரி, மூக்கில் ஏறுமே, அது. அந்த விளக்கை ஏற்றி எத்தனையோ வருடமாகிறது. பிறகு சுரங்க வாய்ப் பக்கமிருந்து... ஆணி அடித்த பூட்ஸ், ஈரக் கல்லின் மேல். ஒரே ஒரு ஆள். சரக்... சரக்... வெண்டெலின் கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் வெளியே வரப்போகிறான் என்று நினைத்தான்.

வரவில்லை. பூட்ஸ் சத்தம் உள்பக்கமாகப் போனது. தூரமாக, இன்னும் ஆழமாக... வேலைக்குப் போகிறவன் நடக்கிற மாதிரி, அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல். கடைசியில் மலைக்கு அடியிலிருந்து, கல்லில் உளி அடிக்கும் சத்தம்.

அவன் இறங்கி வந்தபோது ஒட்டீலியா அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"படுத்திருந்த மனுஷனை எழுப்பி வேலைக்கு அனுப்பிட்டியே, தம்பி," என்றாள்.

மறுநாள் சுவர் வரைக்கும் போய்க் காது வைத்துப் பார்த்தான். சத்தம் நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் நிற்கவில்லை. பெட்டியில்லாமலே மெதுவாகத் தட்டிப் பார்த்தான், இந்தத் தடவை ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. உள்ளே உளி அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. வேலையில் இருக்கிறவனுக்குச் சாவுத் தட்டு எப்படிக் கேட்கும்?

அவனும் ஒட்டீலியாவுமாக, பழைய சுரங்க மேஸ்திரி செர்வாட்ஸிடம் போனார்கள். கிழவருக்கு நுரையீரலில் பாதி கல்தூள். வெண்டெலின் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை.

"வேலைக்குக் கூப்பிடத்தான் தட்டு இருக்கு. போதும், வீட்டுக்கு வான்னு கூப்பிட நம்மகிட்ட ஒரு தட்டு எப்பவும் இருந்ததில்ல," என்றார். கொஞ்சம் இருமிவிட்டு, "மாத்து ஆள் வந்தாத்தான் கீழ இருக்கிறவன் மேல வரலாம். அவ்வளவுதான் சட்டம்."

திரும்பி வரும் வழியில் வெண்டெலின்தான் பேசினான். நானே போகிறேன் அண்ணி, என் கை செய்த தப்பு, நானே போகிறேன் என்றான். உண்மையாகத்தான் சொன்னான். புது விளக்கு ஒன்றுகூட வாங்கினான். ஆனால் அன்றைக்கு விறகு வெட்ட வேண்டியிருந்தது. அடுத்த நாள் பனி. அதற்கடுத்த நாள் காய்ச்சல் மாதிரி இருந்தது. தினமும் சாயங்காலம் அவள் சத்தம் நின்றதா என்று கேட்பாள். இல்லை அண்ணி, நாளைக்குக் கண்டிப்பாகப் போகிறேன் என்பான். நீங்கள் யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். நானாக இருந்தாலும் நாளைக்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் கேட்கவில்லை. சூப் செய்து வைத்திருந்தாள், குடிக்கச் சொன்னாள், போய்த் தூங்கு என்றாள். அவ்வளவுதான்.

காலையில் கோபுரத்தின் கீழறை பூட்டியிருந்தது. சுரங்கத்தின் கம்பிக் கதவும் பூட்டியிருந்தது... உள்பக்கமாக. கம்பிக்குள் கையை நுழைத்து, தன்னிடமிருந்த சாவியால் திறந்து, சுவர் வரைக்கும் ஓடினான். சுவரில் ஒரு கல்லும் அசையவில்லை. காறை பழைய காறைதான். அதற்குப் பின்னால் உளிச் சத்தம் கேட்டது. ஆனால் அது நேற்றுக் கேட்ட சத்தமில்லை. வலுவில்லாத அடி. ஒன்று விழும்... நெடுநேரம் ஒன்றும் இருக்காது... தெரியாத கை தட்டுத் தடுமாறி இன்னொன்று அடிக்கும்.

அண்ணி, அண்ணி என்று சுவரை அறைந்தான். தொண்டை கிழியக் கத்தினான். வேலையில் இருக்கிறவளுக்கு அதுவும் கேட்கவில்லை.

பனியில் விழுந்து எழுந்து அவள் வீட்டுக்கு ஓடினான். ஊரில் மற்ற வீடுகளில் இன்னும் அடுப்பு மூட்டவில்லை. அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை. வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ், மேலே படிந்த சேறு இன்னும் ஈரமாக. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள். கார்பைடு வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். தட்டத் துணிவு வரவில்லை. தூக்கிய கையோடு அப்படியே நின்றான்.

உள்ளே ஒரு இருமல். பிறகு அண்ணனின் குரல்... கோபமில்லை, வருத்தமில்லை, எந்த நாளும் வேலை முடிந்து வந்து கேட்கிற மாதிரி.

"வெண்டெலின்... அடுத்த ஷிப்ட்டுக்கு யாரு?"