பதினோராம் பிரிவு

மின்சாரம் போனால் மனிதர்கள் முதலில் பக்கத்து வீட்டைத்தான் பார்ப்பார்கள். அங்கேயும் இல்லையென்று தெரிந்தால் ஆறுதலாகக் கதிரையில் சாய்ந்துவிடுவார்கள். பகல் நேரமென்றால் அந்தப் பார்வையும் இல்லை. திருகோணமலையில் அந்த யுத்த ஆண்டுகளில் எங்கோ ஒரு கம்பத்தைத் தகர்த்திருப்பார்கள், எங்கோ கம்பி அறுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். மெயின் சுவிச் விழுந்திருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் மிச்சமில்லை.

மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் உங்கள் நிறுவனம் ஜெனரேட்டர் கொடுக்கப்போகிறது, பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு எங்களுடையதை மாதிரியாக எடுக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எடுங்கள், எனக்குச் சந்தோஷம். அதிலுள்ள பதினோராம் பிரிவு ஒருநாளாவது உண்மையாக நடைமுறைக்கு வந்ததா என்றும் கேட்டீர்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாக அவ்வளவு தூரம் வாசிப்பதில்லை. ஒரு தடவை வந்தது. அன்று நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கேட்டபிறகு அந்தப் பிரிவில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் இந்த ஆஸ்பத்திரிக்கு நிர்வாகியாக வருமுன் துறைமுகத்தில் எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை பார்த்தவன். அங்கே தீயணைப்பு ஒத்திகை மணி எப்போது அடிக்கும் என்று எங்கள் மேலதிகாரிக்கே தெரியாது. சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்த நேரம் பார்த்து அடிக்கும். அரைவயிற்றோடு ஓடிய அந்த ஓட்டத்தில்தான் சோதனை என்றால் என்னவென்று படித்தேன். சொல்லிவிட்டு வருவது விருந்து. சோதனை சொல்லாமல்தான் வரவேண்டும்.

டொக்டர் பாக்கியரத்தினம் இந்தச் சிறிய பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியைத் தொடங்கியபோது ஒப்பந்தங்களை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார். ஜெனரேட்டரைப் பராமரிக்கக் கனகசுந்தரம் என்பவர் அமர்த்தப்பட்டார். துறைமுக வீதிக்கு அந்தப் பக்கம் என்ஜின் திருத்தும் கடை வைத்திருந்தவர். நல்ல கைக்காரர், கலகலப்பான மனிதர், டொக்டரோடு ஒன்றாகப் படித்தவர். அவருடைய ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவை நான் இரண்டு வாரம் யோசித்து எழுதினேன். முன்னறிவித்தல் இல்லாமல், எல்லாப் பாரமும் ஏற்றப்பட்ட நிலையில், மிகப் பாதகமான வேளையொன்றில் பிரதான மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். இயந்திரம் தானாக இயங்க வேண்டும். அரை மணி நேரத்துக்குச் சோதனை இடையில் நிறுத்தப்படலாகாது.

கனகசுந்தரம் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு நடந்தது ஒரு நாடகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் முதல்நாளே வந்து பட்டரியை ஏற்றி, டீசல் ஊற்றி, எல்லாவற்றையும் துடைத்து வைப்பார். மறுநாள் டொக்டர் முன்னிலையில் இயந்திரம் அழகாக ஓடும். கைதட்டாத குறைதான். அடுத்த வாரம் உண்மையில் மின்சாரம் போனால் "கடக்" என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கட்டைபறிச்சானிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு டோர்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் தப்பியது அவர்களுடைய அதிர்ஷ்டம். நான் முறையிட்டேன். டொக்டர் சிரித்தார். கனகசுந்தரம் எங்கட ஆள், இந்த நேரத்தில் டீசலுக்கு அனுமதி எடுக்க அவன் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது என்றார். கனகசுந்தரம் எனக்குப் பட்டப்பெயர் வைத்தார். நான் நடைபாதையில் வந்தால் தாதி மிஸிமார் முன்னிலையிலேயே "பதினொண்டு வருது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், சில வேளை நானும் சிரித்தேன். எனக்குக் கோபமில்லை. மனது கொஞ்சம் நொந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அவருடைய மகள் கமலேஸ்வரிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. நாள் முந்திப் பிறந்த பெண் குழந்தை. மூச்சுப் பலமில்லை. ஒட்சிசன் உருளைகள் கொழும்பிலிருந்து வரவேண்டும், அந்த மாதம் லொறியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் இருந்தது காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் மின்சார இயந்திரம் ஒன்று. குழந்தை அதில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தாண்டினால் தானாகவே மூச்செடுத்துவிடும் என்றார் டொக்டர். கமலேஸ்வரி அதன் பக்கத்தை விட்டு எழும்பவேயில்லை. கணவன் வெளிநாட்டில், தாய் இல்லை, அவளுக்கு அந்தப் பிள்ளையும் தகப்பனும்தான்.

ஒரு காலை கனகசுந்தரம் முச்சக்கரவண்டியில் புதுப் பட்டரியோடு வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. ஜெனரேட்டர் அறையைத் திறந்துவிட்டேன். பழைய பட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார், புதியதைப் பூட்டினார், தாங்கி நிறைய டீசல் ஊற்றினார். இரவு நித்திரை கொள்ளாத முகம். பழையதைப் பிறகு வந்து எடுப்பதாகச் சொன்னார். போகும்போது என் முன்னால் நின்றார்.

"ஐயா, உங்களைப் பகிடி பண்ணினனான். மனசில வச்சிருக்காதேங்கோ. இண்டைக்கு ஒருக்கா ஓட்டிப் பாப்பமோ? பிள்ளை மிசினில கிடக்குது."

"சொல்லிப்போட்டுச் செய்யிறது சோதனை இல்லை, கனகசுந்தரம். நீங்கள் போங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். உண்மையில் அந்த நேரம் எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. ஆனால் அவர் போனபிறகு அந்தப் புதுப் பட்டரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பளபளவென்று இருந்தது. கட்டைபறிச்சான் பெண்ணுக்கு இது ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். ஊரார் பிள்ளைகளுக்குச் செத்த பட்டரி, தன் பேத்திக்குப் புதுப் பட்டரி. இதை நியாயம் என்று எந்த மனிதன் சொல்வான்?

படைக்கப்பல் வரும் நாட்களில் பிற்பகலில் துறைமுக வீதியை மூடிவிடுவார்கள். வாகனத் தொடர் போய் முடியும்வரை நடந்துகூட அந்தப் பக்கம் போக ஏலாது. டொக்டரும் அந்த நேரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருப்பார். மிகப் பாதகமான வேளை என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா, இதைவிடப் பாதகமான வேளை எங்கள் ஊரில் கிடையாது. அன்று கப்பல் வந்தது. தூரத்தில் விசில் ஊதி வீதியை மறிக்கும் சத்தம் கேட்டதும் நான் ஜெனரேட்டர் அறைக்குள் போய் மெயின் சுவிச்சைக் கீழே இழுத்தேன்.

இயந்திரம் "கடக்" என்றது. அதற்குமேல் ஒன்றுமில்லை. எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

சிற்றூழியர் அஸீம் ஓடிவந்தார். அவருக்கு இயந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது, பொத்தானை அழுத்தத் தெரியும். அழுத்தினார், மறுபடி அழுத்தினார். ஊர் முழுக்கக் கரண்ட் போயிட்டுது போல ஐயா என்றார். நான் இல்லையென்று சொல்லவில்லை. சுவிச்சுப் பெட்டியை நான் மறைத்துக்கொண்டு நின்றதாகச் சொல்வது சரியல்ல, நான் நின்ற இடம் அது. கனகசுந்தரத்தைக் கூட்டிவருவதாகச் சொல்லி அவர் ஓடினார்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் வார்ட். ஸாலிஹா மிஸி ரப்பர்ப் பையால் குழந்தைக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தார் என்று பிறகு அறிந்தேன். அவர் திறமையானவர், அவர்மேல் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வெறும் காற்றுப் போதவில்லை. நிறம் மாறுது, நிறம் மாறுது என்று கமலேஸ்வரி சொல்வது கேட்டது. அவள் கத்தவில்லை. யாரோ கணக்குக் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். வீதி மூடியிருந்தது. திரும்பி வந்தார்கள்.

என் கை சுவிச்சின் மேலேயே இருந்தது. மேலே தள்ளினால் போதும், ஒரு விரலின் வேலை. தள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றால் அது பொய். தோன்றியது. ஆனால் நடுவில் நிறுத்திய சோதனைக்கு முடிவு என்று ஒன்று இல்லை. இயந்திரம் தாமதமாக இயங்கியிருக்கும் என்று கனகசுந்தரம் சொல்வார், டொக்டர் சிரிப்பார், மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி அதே நாடகம். அடுத்த பிள்ளை யாருடையதோ. அந்த அடுத்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் நான் நின்றேன். அவர்களுக்காக யாராவது ஒருவர் நிற்கத்தானே வேண்டும்.

நேரம் முடியுமுன்னரே சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. என்றாலும் நான் அரை மணியையும் முடித்தேன்.

இப்போது நீங்கள் கேட்க நினைப்பது எனக்கு விளங்குகிறது. புதுப் பட்டரி, நிறைந்த தாங்கி, பிறகு ஏன் ஓடவில்லை? அதையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் சோதிக்கச் சொல்லியிருப்பது இயந்திரம் வழமையாக இருக்கும் நிலையை. ஒரு தாத்தாவின் பயம் ஒருநாளைக்கு அதைத் திருத்திவைத்திருந்தது. அப்படியே சோதித்தால் அது தேறும், அந்தத் தேர்ச்சி பொய்யாக இருக்கும். ஆகவே விசில் சத்தம் கேட்பதற்கு முன்னரே உள்ளே போய், சுவரில் தொங்கிய ஸ்பானரால் இரண்டு கம்பிகளையும் புதுப் பட்டரியிலிருந்து கழற்றி, பக்கத்தில் இருந்த பழையதில் பூட்டினேன். மாதக்கணக்காக எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். நானாக ஒன்றையும் கெடுக்கவில்லை.

அரை மணி முடிந்ததும் கம்பிகளைப் புதியதில் மாட்டினேன், அது அவருடைய பொருள். வெளியே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டதால் ஸ்பானர் போட்டு இறுக்க நேரமில்லை, கையால் திருகிவிட்டேன். பிறகு சுவிச்சைத் தள்ளினேன். வார்ட்டில் ஒட்சிசன் இயந்திரம் இரைய ஆரம்பித்தது. அதை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

வீதி திறந்தபிறகு கனகசுந்தரம் வந்தார். இந்தப் பக்கத்திலிருந்து தான் கத்தியதைக் கேட்டு, அவர் அந்தப் பக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு படையினரிடம் கெஞ்சியபடி நின்றதாக அஸீம் சொன்னார். முதலில் வார்ட்டுக்குப் போனார், அங்கிருந்து ஜெனரேட்டர் அறைக்கு என்னிடம் வந்தார். குனிந்து பட்டரிக் கம்பியைத் தொட்டார். அது அவர் விரலில் ஆடியது. கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தார். பிறகு நிலத்தில் உட்கார்ந்தார்.

"நான்தான் ஐயா இறுக்காமல் விட்டிட்டன். அவசரத்தில... என்ர கையாலதான் போச்சுது."

"நடந்தது நடந்துபோச்சு" என்றேன் நான். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

கமலேஸ்வரி தகப்பனோடு இன்றுவரை கதைப்பதில்லை. தம்பலகாமத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். கனகசுந்தரம் கடையை மூடவில்லை. ஒவ்வொரு வாரமும் இங்கே வருகிறார், ஒரு சதமும் வாங்குவதில்லை. எந்த நேரம் வேண்டுமானாலும் மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கும்படி அவரே என்னைக் கேட்கிறார். நிறுத்திப் பார்க்கிறேன். ஒருநாளும் இயந்திரம் தவறியதில்லை. இந்த ஆண்டுகளில் எங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, எத்தனை தரம் ஊர் இருண்டிருக்கிறது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மாவட்டத்தில் இப்படிச் சொல்லக்கூடிய இன்னொரு ஆஸ்பத்திரி இருந்தால் காட்டுங்கள்.

வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். பட்டப்பெயரெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்.

"ஐயாவுக்கு என்னில கோபம் ஒண்டுமில்லையே?"

இல்லை என்றுதான் சொல்வேன். அது வெறும் வாய்ப்பேச்சில்லை, நீங்கள் என்னை நம்பவேண்டும். நான் அவரை மன்னித்துப் பல வருடமாகிவிட்டது.