பதக்கமும் பின் சீட்டும்

திருமுல்கேரியில் பேருந்தில் ஏறிய இரு முதியவர்களில் கோட்டு போட்டவர் எனக்கு எதிரே அமர்ந்தார். அவர் மார்பில் போர்ப் பதக்கம். என் மார்பில் கம்பெனி அடையாள அட்டை. அவர் பக்கத்து இடம் காலியாக இருந்தும் மற்றவர் பின் சீட்டுக்குப் போனார்.

“தாமஸ், இங்க வாப்பா.”

“நக்கோ சார், வேண்டாம். பாம்பர் விமானத்துலயும் பின்னாலருந்துதானே உங்களுக்கு வழி சொன்னேன்?”

“நீ சொல்லலேன்னா குண்டு போட்டுட்டு வீடு திரும்பியிருப்போமா? ஸ்குவாட்ரன் கமாண்டர்னு மெடலை எனக்கு மட்டும் குத்திட்டாங்க.”

“ஓட்டினது நீங்கதானே சார்.”

“இன்னிக்கு ஸ்கூல் விழாவுல நீயும் மேடைக்கு வரணும். இல்லேன்னா நானும் ஏறமாட்டேன்.”

தாமஸ் முன்னால் குனிந்தார்.

“சரி, வரேன். நாற்காலியை மட்டும் உங்களுக்குப் பின்னால போடச் சொல்லுங்க. பேச்சுல வழி தப்பினா சொல்றேன்.”