பதினோரு முத்திரை

அசையாதீங்க சார், கத்தி கையில இருக்கு. மணி ரெண்டே முக்கால் ஆச்சு. மூணடிச்சா எனக்கு உங்க தாடை எது, காது எதுன்னு தெரியாது. எதிர்ல குளத்துல மிதக்க விட்டிருக்காங்களே சோலார் பலகை, வெயில் அதுல பட்டு நேரா கடைச் சுவர்க் கண்ணாடிக்கு வந்துடும். திரை போட்டா இருட்டு, எடுத்தா கண்ணு கூசுது. மூணுலேருந்து நாலு வரைக்கும் கடையைச் சாத்திட்டு உக்காந்திருக்கேன். வர்றவங்க பாத்துட்டு ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க.

என்ன கேட்டீங்க... ம், பேசாதீங்க, உதட்டுக்கு மேல எடுக்கறேன்.

கரிப்புகையே இல்லாத ஊரு நம்ம மினோசவாவாம். நகராட்சி வாசல்ல இவ்ளோ பெரிய பேனர். அதுக்கு ஒரு பொம்மை வேஷம் வேற, சூரியன் தலை வச்ச வாத்து. திறப்பு விழா அன்னிக்கு உள்ள இருந்த ஆளு வெயில் தாங்காம மயங்கி விழுந்துட்டாரு. நல்ல சகுனம், இல்லையா?

இன்னும் பாதிக் குளம் பாக்கி இருக்கு. அதையும் மூடறதுக்கு நாளைக்குக் கூட்டம். அப்புறம் ரெண்டு மணிக்கே வெளிச்சம் வந்துடும்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க. நான் கடையை மூட வேண்டியதுதான் சார். முப்பத்தோரு வருஷமா இந்த வேலைதான். வேற ஒண்ணும் தெரியாது. பயமா இருக்கு, நெஜமா சொல்றேன்.

நகராட்சியில போய்க் கேட்டா, உங்க தெருவே சம்மதிச்சிருக்கேங்கறாங்க. பதினோரு வீடும் கையெழுத்துக்குப் பதிலா பேர் முத்திரை குத்தியிருக்காம். யாரு குத்தினது? பக்கத்து வீட்டு இவாயே அக்காவா? அவங்க வீட்டுக்கு ஒரு தாள் போனா மூணு வாரம் ஊறுகாய்ப் பானை மேல கிடக்கும். எவனோ திருட்டு வேலை பண்ணியிருக்கான்.

எங்க தெருவுல எல்லாருக்கும் குடும்பப் பேரு கனேமாருதான். தபால்காரர் பாவம், மாத்தல் வாங்கிட்டு ஓடிட்டாரு. போன வருஷம் தெருத் தலைவர் முறை எனக்கு வந்துச்சு. வீட்டுக்கு வீடு சுத்தற அறிவிப்பு அட்டையை அனுப்பி, வாங்கி, ஆபீஸ்ல கொடுக்கணும். குப்பை நாள் மாறுது, நாய்க்கு ஊசி, கால்வாய்ல புல் வெட்ட வாங்க... வாரம் ஒண்ணு. படிச்சாச்சுன்னு ஒவ்வொரு வீடும் முத்திரை குத்தணும். முத்திரையில என்ன இருக்கும்? கனேமாருன்னு பேரு. என் முத்திரையிலயும் அதேதான். கொட்டற மழையில பதினோரு வாசல் ஏறி இறங்கணுமா? நானே உக்காந்து டக் டக்குனு குத்திக் கொடுத்துட்டேன். கீழ விழுந்து ஓரம் உடைஞ்ச முத்திரை, ஆனா வேலைக்கு ஆகும். நாய் ஊசிக்குத்தானே சார், யாருக்கு என்ன நஷ்டம்?

சிரிக்காதீங்க. வெட்டிடும்.

ஆனா சோலார் மாதிரி விஷயத்தை அப்படியா அனுப்புவாங்க? ஆளு நேர்ல வந்து, தலை குனிஞ்சு, ஒரு டப்பா இனிப்பு கொடுத்துல்ல கேக்கணும்?

கழுத்துல அடையாள அட்டையைப் பாத்தேன். எரிசக்திப் பிரிவுக்குப் புதுசா வந்தவர் நீங்கதானே. அதான் உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். இந்தாங்க, எதிர்ப்பு மனு. இதுலயும் பதினோரு வீடு முத்திரை இருக்கு. ஒரே காலையில. எங்க தெரு ஒத்துமையைப் பாருங்க.

எதுக்கு பையைத் தொறக்கறீங்க? ஓ, அந்தச் சம்மதத் தாளா. கொடுங்க, எவன் குத்தினான்னு இன்னிக்கே பாத்துடறேன்.

மேல குப்பை நாள் மாற்றம்... அடியில குளம்... ரெண்டையும் ஒரே தாள்ல போட்டா யாரு படிப்பா?

...ஓரம் உடைஞ்சிருக்கு. பதினொண்ணுலயும்.

எந்திரிக்காதீங்க சார், ஒரு பக்கம்தான் எடுத்திருக்கேன். ரெண்டு தாளையும் ஒண்ணா வச்சு எங்க கொண்டு போறீங்க? பாருங்க, வெளிச்சம் வேற வந்துடுச்சு, எனக்கு ஒண்ணும் தெரியல. சார்... எங்க நிக்கறீங்க? மொகத்துல நுரையோட போறீங்களே. அந்த மனுவையாவது வச்சிட்டுப் போங்க.