நோயாளிகள் எழுந்து நின்ற ஆஸ்பத்திரி

— "இது ஆஸ்பத்திரியா, வீடா?"ன்னு அந்த ஆபீசர் கேட்டப்ப நீங்க என்ன பதில் சொன்னீங்க, பூவாத்தாக்கா?

— எப்படி வேணா வெச்சுக்குங்கன்னு சொன்னேனுங்க, டாக்டரம்மா.

— யா அல்லா.

— வந்ததும் வராததுமா நின்னுட்டே கேக்கறீங்களே, உக்காருங்க. போத்தனூர்ல நிக்காஹ் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? கல்யாணப் பொண்ணு ரம்ஷாவுக்கு என்ன கலர் பொடவைங்க?

— பொடவையை அப்புறம் சொல்றேன். ஆபீசர் வந்து கேட்டதை ஊருக்குள்ள நுழையறப்பவே சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை வர்றேன்னு சொன்ன மனுசன், நான் ஊர்ல இல்லாத நாளாப் பார்த்து எப்படி வந்தாரு? முதல்ல இருந்து சொல்லுங்க.

— ஜீப் டிரைவர் சாமுவேல்னு ஒருத்தருங்க. கருமத்தம்பட்டி நாலு ரோட்டுல நின்னுட்டு, சாஜிதா பேகம் ஆஸ்பத்திரிக்கு எப்படி வரோணும்னு போன் பண்ணுனாரு. யாரு வர்றாங்கன்னேன். லைசென்ஸ் ஆபீசர் லட்சுமணசாமி சார்ன்னாரு. எனக்குக் கையுங்காலும் ஓடுலீங்க. இன்னைக்குன்னு பார்த்து ஆஸ்பத்திரியில ஒரு சீக்காளி இல்லீங்க. எல்லாக் கட்டிலும் வெறிச்சுன்னு கெடக்குது.

— காலியா இருந்தா இருந்துட்டுப் போகுது. ஊர்ல யாருக்கும் நோவு இல்லைன்னுதானே நானும் நிக்காஹுக்குக் கிளம்பினேன்.

— அதெப்படீங்க? விருந்தாளி, ஒறம்பரைன்னு வர்றப்ப ஊடு காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? சீக்காளி இல்லாத ஆஸ்பத்திரிக்கு எவன் லைசென்ஸ் குடுப்பான்? அதான், வழி சொன்னப்ப கொஞ்சம் சுத்து வழியாச் சொல்லிப்போட்டு, எங்க ஊட்டுக்காரரைக் கூப்புட்டேன். தறியை நிறுத்திப்போட்டு இருக்கற ஆளுகளை எல்லாம் கூட்டியாங்கன்னு சொன்னேன்.

— எதுக்கு?

— படுக்கறதுக்குத்தானுங்க.

— அக்கா, நீங்க கட்டடத்துக்குச் சொந்தக்காரங்க. வாடகை வாங்கறதோட உங்க வேலை முடிஞ்சுது. நர்சு நித்யஸ்ரீ இருந்தாளே, அவ ஒண்ணும் சொல்லலையா?

— வேண்டாங்கக்கா, வேண்டாங்கக்கான்னு அது அழுவாத கொறைதானுங்க. நான்தான் சும்மா இரு கண்ணுன்னு அதட்டிப்போட்டேன். எங்க ஊட்டுக்காரருக்குக் கால்ல கட்டுப் போட்டோம். தறி ஓட்டற அருண்குமாருக்குக் கையில பிளாஸ்திரி ஒட்டி, குளுக்கோஸ் பாட்டிலைத் தலைமாட்டுல தொங்க உட்டோம். எல்லாரையும் கழுத்து வரைக்கும் போத்தி, கண்ணை மூடிட்டு மொனகுங்கன்னேன். நல்லாத்தானுங்க மொனகுனாங்க.

— அப்புறம்?

— அவரு உள்ள வந்தாருங்களா. வந்ததும் எங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சு நின்னு, "வாங்க, வாங்க"ன்னு கும்புட்டுப்போட்டாரு.

— கால்ல கட்டோட?

— கட்டு அவுந்து கட்டில் காலைச் சுத்திட்டு வருதுங்க. அதை உதறிப்போட்டு, தான் படுத்திருந்த கட்டிலையே தட்டி, "இப்புடி உக்காருங்க"ங்கறாரு. அவரு எந்திரிச்சதைப் பார்த்து மத்தவங்களும் எந்திரிச்சுட்டாங்க. பெரிய மனுசன் வந்து நிக்கறப்ப எப்படீங்க படுத்துட்டிருக்கறது? பழக்கம் உடுமுங்களா? அருண்குமாரு பாட்டிலைக் கையில புடிச்சுட்டே, "வெயில்ல வந்துருக்கீங்க, மோர் குடிக்கறீங்களா"ன்னு கேக்கறான். அப்பத்தானுங்க அவரு அந்தக் கேள்வியைக் கேட்டது.

— இது ஆஸ்பத்திரியா, வீடான்னு.

— ஆமாங்க. அதோட உட்டிருந்தாலும் பரவால்லீங்க. இவங்களுக்கு வெக்கமாப் போச்சு. ஒவ்வொருத்தரா, "போயிட்டு வாரேனுங்க சார்"னு அவருகிட்டயே சொல்லிட்டு நழுவறாங்க. அவரு என்னையப் பார்த்துச் சிரிச்சாரு. "ஏம்மா, ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பறவன் எவனாவது போயிட்டு வாரேன்னு சொல்லுவானா? ஆகாதுன்னு வாயை மூடிட்டுல்ல போவான். இவங்க ஒறம்பரை ஊட்டுக்கு வந்த மாதிரி சொல்லிட்டுப் போறாங்களே. இது ஊடுதான்"னு முடிச்சுட்டாரு. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாமாட்ட இருந்துச்சுங்க. எங்க போனாலும் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்போணும்னு உள்ளூர் சனங்களுக்குச் சொல்லிச் சொல்லிக் குடுத்தவளே நானு.

— டாக்டர் எங்கன்னு கேட்டாரா?

— கேட்டாருங்க. நிக்காஹுக்குப் போயிருக்காங்க, பொழுதோட பிரியாணி வரும், இருந்து சாப்டுட்டுப் போங்கன்னேன்.

— போதும் அக்கா. என்ன எழுதினாருன்னு மட்டும் சொல்லுங்க.

— கிளினிக்குன்னு எழுதுனாருங்க. நோயாளிகள் தங்கற வசதி இல்லைன்னு அதுக்குக் கீழ. அதுக்கு ஏனுங்க இப்படி மூஞ்சி வாடிப்போச்சு? ஆஸ்பத்திரின்னா என்ன, கிளினிக்குன்னா என்ன, போர்டை மாத்தி எழுதுனாத் தீந்துதல்லோ?

— போர்டுல என்னக்கா இருக்கு. கிளினிக்குன்னா பார்த்து மருந்து குடுத்து அனுப்பிடணும். ராத்திரி ஒருத்தரையும் தங்க வைக்கக்கூடாது. தங்க வெச்சுப் பார்க்கற இடத்துக்குத்தான் ஆஸ்பத்திரின்னு பேரு. இத்தனை நாளா தற்காலிக அனுமதியிலதான் ஓட்டிட்டு இருக்கேன். அதுக்காகத்தானே கதவை இடிச்சு அகலம் பண்ணினேன், சாய்வுப்படி கட்டினேன், கட்டிலுக்குக் கட்டில் எடம் விட்டேன். இனி எல்லாக் கட்டிலையும் வெளிய தூக்கிப் போடணும்.

— என்னங்க இப்படிச் சொல்றீங்க?

— போன மாசம் உங்க தறிக்கார வீட்டுப் பிள்ளை பிரத்யுஷா மூச்சு விட முடியாம வந்தாளே, ஞாபகம் இருக்கா? விடிய விடிய வெச்சுப் பார்த்தோம். நாளைக்கு அவ மறுபடி வந்தா, இது கிளினிக்கு, கோயமுத்தூருக்குக் கொண்டு போங்கன்னு வாசல்ல நின்னு சொல்லணும். அன்னைக்கு அப்படிச் சொல்லியிருந்தா அவ உயிரோட அவிநாசி ரோட்டைத் தாண்டியிருக்க மாட்டா.

— அய்யோ, இது எனக்குத் தெரியாமப் போச்சுங்களே.

— தெரியாதுன்னா கேட்டிருக்கணும். எனக்கு ஒரு போன் பண்ணணும்னு தோணலையா?

— பண்ணுனமுங்க. நீங்க எடுக்கலீங்க. அவரு மயக்கம் போட்டு உழுந்தப்பக் கூட நித்யஸ்ரீ பண்ணுச்சு.

— யாரு மயக்கம் போட்டது?

— ஆபீசர்தானுங்க. அதைச் சொல்லத்தான் நானும் பார்க்கறேன். நீங்க எங்க உடறீங்க?

— அக்கா.

— இன்ஸ்பெக்ஷன் வந்த எடத்துல பச்சைத்தண்ணி குடிக்கமாட்டேன்னு வீம்பா இருந்தாருங்க. சோறும் வேண்டாம், மோரும் வேண்டாம். எழுதி முடிச்சு எந்திரிச்சவரு அப்படியே சாஞ்சுட்டாரு. நித்யஸ்ரீ சக்கரையைப் பார்த்துட்டு, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே குளுக்கோஸ் ஏத்துச்சுங்க. அப்புறம் எந்திரிச்சு நல்லாப் பேசுனாரு. இப்பத் தூங்கறாரு.

— எங்க தூங்கறாரு?

— இந்தத் திரைக்கு அக்கட்டால இருக்கற கட்டில்லதானுங்க.

— இவ்வளவு நேரமும் இங்கயா? தள்ளுங்க. சார், சார், நான் டாக்டர் சாஜிதா. கையைக் குடுங்க. எப்ப முழிச்சீங்க?

— இவங்க சொன்ன கதையில, வீட்டுக்காரர் கட்டை உதறின இடத்துல முழிச்சேன்.

— சக்கரைக்கு என்ன மாத்திரை போடறீங்க? இதுதானா? காலையில இதைப் போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிடலையா, சார்? இது ராத்திரி மறுபடியும் சக்கரையை இறக்கி விட்டுடும். நீங்க இன்னைக்குப் போகக்கூடாது. காலையில வரைக்கும் இங்கயே இருக்கணும்.

— நான் எப்படிம்மா தங்கறது? தங்க வசதி இல்லைன்னு மத்தியானந்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஜீப் இருக்கு. வீட்டுக்கே போயிடறேன்.

— வழியில மறுபடி மயங்கினா சாமுவேல் வண்டியை ஓட்டுவாரா, உங்களைப் புடிப்பாரா?

— விதின்னு ஒண்ணு இருக்கில்லம்மா. ராத்திரி நோயாளியை வெச்சிருந்தா அது ஆஸ்பத்திரி. கிளினிக்ல நானே படுத்திருந்தா, அது நானே பண்ற விதிமீறல்.

— நீங்க எழுதினது எழுதினபடியே இருக்கட்டும், சார். நான் மாத்தச் சொல்லல. நாளைக்கு ஆள் அனுப்பி இந்தக் கட்டிலை எல்லாம் தூக்கச் சொல்லுங்க, நானே ஒரு கை புடிக்கறேன். இன்னைக்குக் கட்டில் இருக்கு. படுங்க.

— அந்தக் குழந்தை பேர் என்ன சொன்னீங்க?

— பிரத்யுஷா.

— எந்தக் கட்டில்ல வெச்சிருந்தீங்க?

— இதே கட்டில்தானுங்க சார். நானும் எங்க ஊட்டுக்காரரும் வெளிய உக்காந்துட்டு இருந்தமுங்க. அந்தப் புள்ளைக்கு மூச்சு சீரா வந்தப்ப, தறிச்சத்தம் கேக்குதான்னு கேட்டுச்சு. ஏனுங்க சார், கொஞ்சம் சோறு தாளிச்சுத் தரட்டுங்களா?

— குடும்மா.

*

— ஏனுங்க டாக்டரம்மா, காலையில சக்கரை எப்படி இருக்குதுங்க?

— இப்ப சரியா இருக்கு. ராத்திரி நான் சொன்ன மாதிரியே இறங்குச்சு. வேர்த்து ஊத்தி, பேச்சே குழறிப்போச்சு. ஜீப்புல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அவருக்கே தெரியும்.

— இட்லி சாப்டாருங்க. பச்சைத்தண்ணி குடிக்கமாட்டேன்னவரு மறுக்காச் சட்னி கேட்டு வாங்குனாரு. நேத்து எழுதுனதை மாத்துவாருங்களா?

— தெரியல. நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க. வைத்தியம் பார்த்துட்டு அதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடும். கட்டில் எல்லாம் எங்க போடறதுன்னு மட்டும் யோசிச்சு வைங்க.

— அந்தாப் பாருங்க, செருப்பு மாட்டறாரு. சார், கெளம்பிட்டீங்களா? டாக்டரம்மா இங்கதான் இருக்காங்க சார். ஏனுங்க, அவரு திரும்பியே பார்க்கலீங்களே.

— விடுங்க அக்கா.

— எங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சு நின்னு கும்புடறாரு. கையைக் கூப்பறாரே ஒழிய, வாயைத் தொறக்கலீங்க. சாமுவேல் வண்டியை எடுத்தாச்சு. நம்மளை நேராப் பார்க்கறாரு, ஒரு சொல்லு வருமான்னு பார்த்தா, உதட்டை இறுக்கி மூடிக்கறாருங்க. போயே போயிட்டாரு. என்ன மனுசனுங்க இவரு? கை நனைச்ச ஊட்டுல போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போனா, அதுக்கு என்னங்க அர்த்தம்?

— நேத்து அவரே உங்ககிட்ட சொன்னாரே, பூவாத்தாக்கா. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பறவங்க அப்படிச் சொல்லமாட்டாங்க.