அந்தப் படத்தில் கேட்கும் மூச்சு

படத்தை நிறுத்தியாச்சா? நல்லது. விளக்கைப் போட வேண்டாம். எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தப் போர்வையில் பாதியை இந்தப் பக்கம் தள்ளுங்கள், மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டால் எப்படி?

நாற்பது வருடத்துக்கு முந்தைய படம். இன்னும் எப்படிப் பயமுறுத்துகிறது பார் என்று வாயைப் பிளக்கிறீர்கள். விண்கலத்துக்குள் ஒரு ஜந்து புகுந்துவிடுகிறது. கடைசிவரை அது கண்ணில் படுவதே இல்லை. இருட்டில் அதன் மூச்சு மட்டும் கேட்கும்... இழுத்து... இழுத்து... அவ்வளவுதான். அதற்கே நீங்கள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்கிறீர்கள். இயக்குநர் மேதை என்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மூச்சு யாருடையது என்று உங்களில் ஒருத்தராவது கேட்டீர்களா?

என் நண்பனின் அக்காவுக்கு நேர்ந்தது இது. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால்கூட, உப்பு கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டு வருகிற ஆள்.

சாயங்காலம் ஆறரை மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பூட்டிக் கிடக்கும் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சாலை. ஒரு நாய்கூட இல்லை. சாலை முடிகிற இடத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். அக்காவுக்கு அங்கே பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்கிற வேலை. கீறல், இரைச்சல், எவரோ இருமியது, நாற்காலி முனகியது... எல்லாவற்றையும் காது வலிக்கக் கேட்டு நீக்க வேண்டும். அந்தத் தொழிலில் அதற்கெல்லாம் ஒரே பெயர்தான். குப்பை.

இந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடியும் தியேட்டரில் விடப்போகிறார்கள். ஜந்துவின் மூச்சு மட்டும் தனியாக ஓர் ஒலிநாடாவில் வந்திருந்தது. முதலில் அது பதிவானதும் இதே கூடத்தில்தான். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மூச்சு துல்லியமானது. அதற்கும் அடியில் வேறு ஏதோ இருந்தது. இன்னும் குறைத்தார்.

"கதவு..."

அக்கா நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார். பெண் குரல். தொண்டைக்குள் சிக்கிய குரல்.

"கதவத் தொறங்க..."

ஹெட்போனைக் கழற்றினார். மூச்சு நிற்கவில்லை... எதிரே கண்ணாடிக்கு அந்தப்பக்கம், குரல் பதிவு செய்கிற சின்ன அறையிலிருந்து வந்தது. பழைய மைக்குகளையும் உடைந்த நாற்காலிகளையும் போட்டு வைத்திருந்த அறை. சளிக்கு நெஞ்சில் தேய்க்கிற தைலத்தின் வாசனை அடித்தது. கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்திருந்தது. அந்தப் பனியில் ஒரு கை, வட்டமாக, திரும்பத் திரும்ப வட்டமாகத் துடைத்த தடம்.

அக்கா எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. தைல வாசனை மட்டும் முகத்தில் வந்து மோதியது.

மறுநாள் அவர் அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டார். இப்போது மகள் வீட்டோடு இருக்கிற பெரியவர். படத்தின் பெயரைச் சொன்னதும் அவர் பெருமை பேசத் தொடங்கினார். மூச்சு என்றதும் பெருமை நின்றது. பிறகு நடந்ததைச் சொன்னார்.

அந்தக் காலத்தில் அங்கே ஓர் அம்மா வேலை பார்த்தார். சந்தை, கலவரம், தீ விபத்து என்று கூட்டம் கத்துகிற இடத்துக்கெல்லாம் குரல் கொடுப்பவர். பத்துப் பேர் கத்த வேண்டியதை ஒருத்தியாகவே கத்திவிடுவார். அதனால் எல்லோரும் அவரைக் 'கூட்டம்' என்றுதான் கூப்பிட்டார்கள். கூட்டம் வந்தாச்சா, கூட்டத்துக்கு டீ கொடுத்தாச்சா என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பாராம். ஆஸ்துமா உண்டு. நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் வருவார்.

அன்றைக்கு ஜந்துவுக்கு மூச்சு விடச் சொன்னார்கள். அந்த அறையில் காற்று வர ஒரு துவாரம் கிடையாது. கதவு கனம். பதிவு நடக்கும்போது சத்தம் கசியாமல் இருக்க வெளியிலிருந்து தாழ் போடுவது வழக்கம். நடிப்புக்காக விட்டுக்கொண்டிருந்த மூச்சு நடுவிலேயே நிஜத் திணறலாகிவிட்டது. அவர் கண்ணாடிக்கு அருகே வந்து கையை வட்டமாகச் சுற்றினார்.

"எங்க வேலைல கையச் சுத்தினா, நல்லா வருது, நிறுத்தாதீங்கன்னு அர்த்தம்மா. நானும் டேக்க நிறுத்தாம ஓடவிட்டேன். அவங்க கண்ணாடியத் துடைச்சுக்கிட்டு காத்துக்குத் தவிச்சிருக்காங்க."

பெரியவர் அழுதார். ஒரு கட்டத்தில் அவருக்கே சந்தேகம் வந்து, எழுந்து கதவுப் பக்கம் போகப் பார்த்திருக்கிறார்.

"டைரக்டர் என் கையப் புடிச்சுக்கிட்டாரு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னாரு. அவருக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் புடிச்சாரு."

கதவைத் திறந்தபோது அந்த அம்மா தரையில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். படம் வந்தது, ஓடோ ஓடு என்று ஓடியது. இத்தனை வருடமாக அந்த ஆள் மேடைக்கு மேடை ஏறி, பயத்தின் இலக்கணம், மௌனத்தின் அழகியல் என்று அளக்கிறான். மாலை போடுகிறார்கள். நீங்களும் கை தட்டுகிறீர்கள். மரியாதை கொடுத்துப் பேசு என்று சொல்லாதீர்கள், எனக்கு வராது.

அக்கா முதலாளியின் அறைக்குப் போனார். அந்த வார்த்தைகளை நீக்க மாட்டேன், அந்த அம்மாவின் பெயரைப் படத்தின் தொடக்கத்தில் போட வேண்டும் என்றார். பெயர் என்ன என்று முதலாளி கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. பெரியவருக்கே தெரியாது. அத்தனை வருடம் கூப்பிட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. பாருங்கள், என்ன மனிதர்கள்.

முதலாளி இயக்குநருக்குப் போன் போட்டு, அக்காவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"ஜந்து வந்து கதவத் தொறங்கன்னு கேக்குமாம்மா? படம் காமெடியாயிடும். அது குப்பை, எடுத்துடு."

அக்கா முடியாது என்றார். வேலையை விட்டுப் போ என்றார்கள். போகிறேன் என்றார். அவர் கண்ணெதிரிலேயே முதலாளி வெளியே வந்து அக்காவின் கணினி முன் உட்கார்ந்து அந்த வார்த்தைகளைத் தேடிப் பிடித்து அழித்தார். அக்கா கதறியிருக்கிறார். ஒரு மனுஷி கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான், அதையும் அழிக்கிறீர்களே என்று. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள்.

படம் வெளியானது. அக்கா காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டால், அந்த அம்மாவைப் பற்றித் தெரிந்தவர் ஒருத்தராவது அந்த அரங்கத்தில் இருக்க வேண்டாமா என்றார். பகல் காட்சி, ஓர் இருக்கை காலியில்லை. தாத்தாக்கள் பேரன்களை அழைத்து வந்திருந்தார்கள். அந்தக் காட்சி வந்தது. இருட்டு வழி. மூச்சு... இழுத்து... இழுத்து... அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அப்போது கேட்டது. அழித்த வார்த்தைகள்.

"கதவு... கதவத் தொறங்க..."

காட்சி முடிந்து விண்கலம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. கதாநாயகன் பேசிக்கொண்டிருந்தான். குரல் நிற்கவில்லை. திரையிலிருந்தும் வரவில்லை. வரிசை வரிசையாக, ஒவ்வொருவர் காதருகிலும் வந்து கெஞ்சியது. "என்னால முடியலங்க... தொறங்க..."

என்ன செய்தார்கள் தெரியுமா? விசிலடித்தார்கள். கை தட்டினார்கள். புதுசா ஒலி சேர்த்திருக்கான்டா, பிரமாதம் என்று ஒருவன் கத்தினான். ஒருத்தி மன்றாடிக் கெஞ்சுகிறாள், இவர்கள் ஒன்ஸ்மோர் கேட்கிறார்கள்! அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் முன்னால் இருந்தவர்களின் கால்களையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினார். பக்கவாட்டுக் கதவின் கம்பியைத் தள்ளித் திறந்தார். வெயில் உள்ளே பாய்ந்தது. எல்லோரும் அவரைத் திட்டினார்கள்.

தைல வாசனை அவரைத் தாண்டி வெளியே போனது. அது கடந்துபோன பக்கத் தோள் சில்லிட்டுப்போயிற்று. குரல் நின்றது.

அன்று மாலைக் காட்சியிலிருந்தே படத்தில் அந்த மூச்சு இல்லை. எந்த ஊரிலும் இல்லை. மூல நாடாவைப் போட்டுப் பார்த்தார்கள், அதிலும் இல்லை. ஜனங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நீங்கள் இப்போது பார்த்தீர்களே, அது யாரோ இந்தப் படத்தின் பழைய வீடியோ கேசட்டில் மிஞ்சியதை எடுத்து ஒட்டிய நகல். அதற்கே இத்தனை பயம்.

கொஞ்ச நாள் கழித்து அக்காவுக்கு ஒரு போன் வந்தது. இயக்குநரின் மகள்.

"நீங்க சத்தத்த எடுக்கிறவங்கதானே? அப்பாகிட்டேருந்து ஒரு சத்தத்த எடுக்கணும்."

அப்பா ராப்பகலாகப் பேசிக்கொண்டே இருக்கிறாராம். சாப்பிடும்போதும் பேச்சு, தூக்கத்திலும் பேச்சு. நிறுத்தினால் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வேறொரு மூச்சு கேட்கிறதாம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது, போனை அவர் பக்கத்தில் வையுங்கள் என்றார் அக்கா. வைத்தார்கள். அவர் எதையோ உளறிக்கொண்டிருந்தார், வார்த்தைக்கு வார்த்தை திணறிக்கொண்டு. பிறகு முடியாமல் நிறுத்தினார்.

அக்கா கேட்டார். அதில் இழுப்பு இல்லை, திணறல் இல்லை. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுத்த ஒருத்தி விடுகிற, சீரான, நிம்மதியான மூச்சு.

"அது நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார்.