சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது

ரவை வாங்கும்போது யாரும் பையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை, மேடம். நான் பார்ப்பேன். கடை அலமாரியில் சாயாமல் நேராக நிற்கிறதே, அது எப்படி நிற்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பதினொரு வருஷமாக அதுதான் என் வேலை.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. கேஸை முடித்தாகிவிட்டது, நூர் அகமதுவே ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்துவிட்டார், வீட்டுக்குப் போம்மா என்று ஸ்டேஷன் வாசலில் இருந்த காவலர் சொன்னார். அது தெரிந்துதான் வந்தேன். நூர் அகமது கொடுத்தது பொய் வாக்குமூலம். அந்த மனிதர் ஒருமுறை பொய் சொல்லி என் குடும்பத்தை உட்கார வைத்தார். இன்னொரு முறை சொல்ல நான் விடமாட்டேன்.

என் பெயர் கெங்கம்மாள். வயது நாற்பத்தொன்று. புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், அடி மடித்த பிளாஸ்டிக் பை செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன்.

மெஷினைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. பெரிய உருளையிலிருந்து பிளாஸ்டிக் தாள் வரும். புடவைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி, ஒரு தகடு தாளின் அடியை உள்பக்கமாகத் தள்ளி மடிக்கும். ரவையைக் கொட்டினால் அந்த மடிப்பு விரிந்து பை உட்கார்ந்துகொள்ளும். மடித்த தாள் அடுத்து சூடான இரும்புக் கட்டைக்குக் கீழே போகும். கட்டை இறங்கி ஓரத்தை ஒட்டும். கூடவே கத்தி இறங்கி வெட்டும். நிமிஷத்துக்கு எழுபது பை. அதாவது எழுபது தடவை இறங்கும்.

கட்டைக்கு மேலே கண்ணாடி போல ஒரு மூடி இருக்கிறது. மூடியைத் தூக்கினால் அதன் அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் விடுபட்டு மெஷின் நின்றுவிடும். மூடி திறந்திருக்கும் வரை பச்சைப் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் ஓடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மடிப்பு கொஞ்சம் கோணினாலும் மூடியைத் தூக்கி, தாளை விரலால் நகர்த்தியாக வேண்டும். தூக்கினால் நிற்கும். நின்றால் சூட்டில் தாள் உருகி ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஓட்டும்போது முதல் முப்பது பை குப்பை.

சூப்பர்வைசர் மோகன்ராஜ் அந்தக் குப்பையைத் தன் கையாலேயே மூட்டை கட்டுவார். எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இன்னா கெங்கம்மா, ஊட்டுக்கு எட்துகினு போறியா? உன் புருசன் ஓட்ற லட்சணத்தப் பாரு" என்பார். பேக்கிங் பெண்கள் சிரிப்பார்கள். அரசப்பன், என் புருஷன், தலையைக் குனிந்துகொள்வார். அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் வரும்.

அதனால் சில நாள் அந்தச் சுவிட்சை அமுக்கினாற்போல வைத்து, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவார்கள். மூடியைத் தூக்கினாலும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். குப்பை விழாது. யார் ஒட்டினார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், காலை ஷிப்ட். மூன்றாம் நம்பர் மெஷினை அரசப்பன் ஓட்டினார். அதே மெஷினின் கடைசியில் நான் பையை எண்ணி, பெட்டியில் அடுக்கி, பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தேன். மடிப்பு கோணியது. அவர் மூடியைத் தூக்கினார். தூக்குவதும் கையை விடுவதும் அவருக்கு ஒரே அசைவு, பதினாலு வருஷப் பழக்கம். சுவிட்சில் டேப் இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் ஒட்டவே விட்டிருக்க மாட்டார், அப்படிப்பட்ட ஆள். ஒட்டியவர் அவரிடம் சொல்லிவிடத்தான் நினைத்திருப்பார். அந்த நேரம் பார்த்து மோகன்ராஜ் உருளை மாற்றச் சொல்லிக் கத்தியிருப்பார், சொல்ல வந்தது நின்று போயிருக்கும். அப்படி நடப்பதுதான்.

வலது கையில் நான்கு விரல் போயிற்று. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

முதலில் ஓடி வந்தது நூர் அகமது. மெஷின் ரிப்பேர் எல்லாம் அவர்தான் பார்ப்பார், பழவேற்காட்டுக்காரர், எல்லாருக்கும் பாய். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சூடான கட்டையை வெறுங்கையால் தூக்கி அரசப்பனின் கையை எடுத்துவிட்டார். ஆட்கள் அரசப்பனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கலவரத்தில் நூர் அகமது திரும்பி வந்தார். சுவிட்சிலிருந்து டேப்பைப் பிய்த்து உருட்டிச் சட்டைப் பையில் போட்டார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

மறுவாரம் விசாரணைக்கு அதிகாரி வந்தார். நூர் அகமது எழுதிக் கொடுத்தார்: சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது, மூடியைத் தூக்காமல் பக்கவாட்டில் கையை விட்டிருக்கிறார், ஊழியரின் கவனக்குறைவு.

கவனக்குறைவு. பதினாலு வருஷம் ஒரு பழுது சொல்ல முடியாமல் ஓட்டியவருக்கு அந்தப் பட்டம். அவரைக் கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். முதலாளியின் கார் வரும்போதெல்லாம் எழுந்து அந்தக் கையால்தான் சலாம் வைக்கிறார். விரல் இல்லாத கையால் வைக்கும் சலாம் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்ததில்லை. நான் தினமும் இரண்டு முறை பார்க்கிறேன், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும்.

நூர் அகமது என்ன செய்தார் தெரியுமா? கேட்டின் தாழ்ப்பாளை விரல் இல்லாமல் திறக்க முடியாது என்று, அதில் நீளமாக ஒரு இரும்புப் பிடியை வெல்டிங் செய்து கொடுத்தார். உள்ளங்கையால் தள்ளினால் போதும். காலையில் நாஷ்டாவைக் கட்டிக்கொண்டு வந்து கேட்டிலேயே அரசப்பனோடு உட்கார்ந்து சாப்பிடுவார். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து அவர் முன்னால் வைப்பார். நான் கடந்து போனால் நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரிப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் வீட்டில் கேட்டேன். "பாய் ஏன் அப்டி எய்திக் குட்த்தாருன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியாயா?"

"கேட்டு இன்னா ஆவப் போது? என் கைய இஸ்து எட்த்தது அவுரு. அவுரு கையும்தான் வெந்துச்சு. வுடு கெங்கா."

அவர் விட்டார். நான் விடவில்லை. மூன்றாம் நம்பர் மெஷினை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி ஓட்டினேன்.

போன பக்ரீத் முடிந்து மறுநாள் நூர் அகமது வீட்டிலிருந்து ஒரு தேக்சா பிரியாணி கொண்டு வந்தார். கேன்டீனில் எல்லாருக்கும் அவரே பரிமாறினார். என் தட்டுக்கு வந்தபோது நான் தட்டைக் கவிழ்த்தேன். "பொய் சாட்சி சொன்ன கையால குட்த்தா எனக்கு எறங்காது பாய்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தாள் உருளைகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். குரலை ஏற்றவே இல்லை.

"தோ பாரு கெங்கம்மா. அந்த டேப்ப நான் ஏன் பிச்சேன்னு உனக்குத் தெரியாதா?"

"கம்பெனியக் காப்பாத்த."

"கம்பெனி எனக்கு மாமனா மச்சானா? பேக்கிங் டேப்பும்மா அது. ஈசியா உரிக்க வர்ற மாரி நுனிய மடிச்சி ஒட்டி இருந்துச்சு. இந்த ஷெட்ல நுனி மடிச்சி ஒட்றவ நீ ஒர்த்திதான். ஆபீசர் பாத்திருந்தா உன்ன இட்டுகினு போயிருப்பான். அத வுடு. அரசப்பனுக்குத் தெரிஞ்சா அவன் தாங்குவானா? அதான் பொய் சொன்னேன். அல்லாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ பேஜாராவாத. நான் உசுரோட கீற வரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு துண்டு டேப் ஞாபகம் இருக்குமா, மேடம்? எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததை நான் எப்படி ஒப்புக்கொள்வது? நுனியை யார் வேண்டுமானாலும் மடிக்கலாம். ஆனால் இந்த மனிதர் இரண்டு வருஷமாக, யாரும் கேட்காமல், என்னை மன்னித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தத் தாழ்ப்பாள், அந்த டிபன் பாக்ஸ், அந்தச் சிரிப்பு, எல்லாம் அதுதான். என்னை மன்னிக்க இவர் யார்?

எட்டு நாள் பொறுத்தேன். கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். கோபம் அதற்குள் பழகிவிட்டது. புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு மடிப்புத் தகட்டின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். பைகளின் அடி கோணலாக வரத் தொடங்கியது. மெஷினை நிறுத்திவிட்டு பாயைக் கூப்பிட்டேன். கேன்டீனில் அப்படிப் பேசியவள் கூப்பிடுகிறாளே என்று அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். குனிந்து பார்த்துவிட்டு, "தகடு லூசா கீது, ஸ்பானர் எட்தாரேன்" என்று போனார்.

அவர் போய் வருவதற்குள் சுவிட்சில் டேப் ஒட்டினேன். நுனியை மடித்தும் விட்டேன்.

வந்து மூடியைத் தூக்கினார். "ஆஃப்லதான கீது?"

"ஆஃப்லதான் கீது, பாய்."

ஒரு கையால் தகட்டைப் பிடித்து, இன்னொரு கையால் போல்ட்டைத் திருக வேண்டும். தகடு கட்டைக்கு அந்தப் பக்கம். இரண்டு கையும் கட்டைக்கு அடியில் போகும் வரை காத்திருந்து, பச்சையை அமுக்கினேன். ஒரு தடவை இறங்கியதும் சிவப்பை அமுக்கிவிட்டேன். அதையும் எழுதுங்கள். நிமிஷத்துக்கு எழுபது இறங்குகிற மெஷின் அது.

வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இடது கையில் இரண்டு விரல்.

அவர் கத்தவில்லை. முகம் சாம்பல் நிறமாகி, தலையைத் திருப்பி முதலில் சுவிட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தூரத்தில் ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. "பிச்சிடு" என்றார். "சீக்கிரம் பிச்சிடும்மா."

பிய்த்தேன். ஏன் பிய்த்தேன் என்று இன்னும் தெரியவில்லை. அவர் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நேற்று அரசப்பன் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். வந்ததும் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். தன் கை போனபோதுகூட அவர் அழுததில்லை. "பாய்க்கு அவுரு பொண்ணு நௌஷீன்தான் ஊட்டி வுடுது, கெங்கா. போலீஸ் கேட்டதுக்கு என் கவனக்குறைவுன்னு சொல்லிட்டாராம். நாளையிலேர்ந்து நான் போயி ஊட்டி வுட்றேன்னு சொல்லிட்டு வந்தேன். இடது கை ஒண்ணு நல்லாத்தான கீது எனக்கு" என்றார்.

எத்தனை நாளைக்கு ஊட்டுவார், மேடம்? இனி தினமும் நான் சோறு கட்டிக் கொடுக்க வேண்டும், இவர் கொண்டுபோய் ஊட்ட வேண்டும், அந்த மனிதர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் இருப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காலையில் சோறு கட்டவில்லை. நேராக இங்கே வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நூர் அகமதுவின் கையை எடுத்தது கெங்கம்மாள். தவறுதலாக இல்லை, திட்டம் போட்டு. என் புருஷனைக் கவனக்குறைவு என்று எழுதியவனுக்குத் தண்டனை கொடுத்தேன் என்று எழுதுங்கள். அரசப்பனுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவருக்காக நான் என்ன செய்தேன் என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த டேப்பை ஒட்டியது யார் என்று கேட்கிறீர்கள். அது இந்தக் கேஸில் எதற்கு, மேடம்? அந்த இடத்தைக் காலியாக விட முடியாது என்றால், நூர் அகமது என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் மறுக்க மாட்டார்.